குழூஉக்குறியும் குழுச்சாவியும்: மலையகத் தோட்டங்களில் மறைவான தொடர்பாடலின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுக்கும் நன்னூலார், ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் விளங்குமாறு வழங்கும் சொல்லுக்கும் இலக்கணத்தில் இடமளித்துள்ளார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டுகள். மாணவர் மனனஞ் செய்து கடந்து செல்லும் இவ்விடத்தில் ஒரு சமூகவியல் உண்மை பொதிந்துள்ளது. பொற்கொல்லரும் யானைப்பாகரும் தொழிலால் அமைந்த குழுவினர். பட்டறையில் எதிரே அமர்ந்திருக்கும் வாடிக்கையாளரின் நலனும் பொற்கொல்லரின் நலனும் ஒன்றல்ல என்பதனாலேயே 'பறி' என்ற சொல் தோன்றிற்று. மறைமொழி நலன்களின் முரண்பாட்டிலிருந்து பிறப்பது.

ஆயின், இலக்கணம் எழுப்பாத வினா ஒன்றுண்டு. பட்டறையை விட்டு நீங்கும் பொற்கொல்லன் அச்சொல்லையும் உடன்கொண்டு செல்கிறான். நாளை அவன் வேறொருவர் பக்கம் நின்று அதைக் கேட்கக்கூடும். அப்போது எஞ்சியோர் செய்யத்தக்கது யாது? சொல்லை மாற்றவேண்டுமெனின், புதிய சொல்லை யார் தெரிவது, ஒவ்வொருவருக்கும் யார் சென்று சொல்வது, நீங்கியவன் காதில் விழாமற் சொல்வது எங்ஙனம்?

இக்கட்டுரை அவ்வினாவை ஹற்றன், நுவரெலியா உள்ளிட்ட மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றில் வைத்து நோக்க முற்படுகிறது. ஒரு கூட்டத்தாரின் பொது மறைபொருளை ஆக்குபவர் யார், பங்கிடுபவர் யார், ஒருவர் நீங்கும்போது அதனை மாற்றும் உரிமை யாருடையது என்னும் மூன்று வினாக்களும் தொழில்நுட்ப வினாக்களாகத் தோன்றினும், அடிப்படையில் அதிகாரம் பற்றிய வினாக்களே என்பது எமது கருத்து.

2

இன்றைய தொலைத்தொடர்பில் ஒரு செய்தியைப் பிறர் படிக்க இயலாதவாறு உருமாற்றுவதை மறைகுறியாக்கம் என்பர். அதனைப் பூட்டவும் திறக்கவும் பயன்படும் நீண்ட எண்ணே சாவி. யாழ்ப்பாணத்தார் திறப்பு என்பதை மலையகத்தார் சாவி என்பர். நாம் மலையக வழக்கையே கையாளுகிறோம்.

1883இல் ஒகுஸ்ற் கெர்க்கொவ்ஸ் என்னும் மொழியியலறிஞர் படைத்துறை மறையெழுத்துப் பற்றி எழுதியபோது இரு கருத்துகளை முன்வைத்தார். பூட்டின் அமைப்பு எதிரிக்குத் தெரிந்தாலும் கேடு விளையலாகாது. மறைவாக இருக்கவேண்டியது சாவி மட்டுமே என்பது ஒன்று. அச்சாவி எழுதிவைக்காமலே நினைவில் நிற்பதாகவும், பயன்படுத்துவோர் விரும்பியபோது மாற்றத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும் என்பது மற்றது. பின்னது எமது பொருளுக்கு இன்றியமையாதது. மாற்ற இயலாத சாவி, தொலைந்த அன்றே எதிரியின் உடைமையாகிவிடுகிறது.

இருவருக்கிடையே இச்சிக்கல் பெருமளவு தீர்ந்துவிட்டது. முன்பின் சந்தித்திராத இருவர், எவரும் ஒட்டுக்கேட்கக்கூடிய வழியிலேயே பேசிப் பொதுச்சாவி ஒன்றை வந்தடையும் முறையை 1976இல் டிஃபி, ஹெல்மன் ஆகிய இருவரும் வெளியிட்டனர். குழுவெனின் சிக்கலின் தன்மையே மாறுகிறது. குழுவில் ஆட்கள் வருவர், போவர். எனவே இரு விதிகள் வேண்டப்படுகின்றன. நீங்கியவர் பின்னர் நிகழும் பேச்சைப் படிக்கலாகாது. புதிதாகச் சேர்ந்தவர் தாம் வருமுன் நிகழ்ந்ததைப் படிக்கலாகாது. இவ்விரண்டையும் காக்கவேண்டுமாயின் ஒவ்வொரு வரவின்போதும் ஒவ்வொரு நீக்கத்தின்போதும் சாவி புதுப்பிக்கப்படல் வேண்டும். இதுவே குழுச்சாவி முகாமைத்துவம் எனப்படுவது.

3

தோட்டங்களில் மறைகுறிகளை முதலிற் கையாண்ட தரப்பு மூலதனமே. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெய்லர் வணிக நோக்கிற் பயிரிடத் தொடங்கிய தேயிலை, 1883 யூலை 30ஆந் திகதி கொழும்பில் முதன்முதலாகப் பகிரங்க ஏலத்துக்கு வந்தது. கெர்க்கொவ்ஸ் தம் கட்டுரையை வெளியிட்டதும் அதே ஆண்டில் என்பது தற்செயலே. எனினும் இரண்டுக்கும் பின்புலமான உலகு ஒன்றே; அது தந்திக்கம்பிகள் கண்டங்களை இணைத்த உலகு.

தந்திக்குச் சொல்லெண்ணிக்கைப்படி கட்டணம். ஆதலின் ஒரு முழு வாக்கியத்தை ஒரே சொல்லாற் குறிக்கும் வணிகக் குறிநூல்கள் தோன்றின. 1873இல் வெளியான 'ஏபிசி' குறிநூலும், 1906இல் வெளியான பென்ற்லியின் குறிநூலும் உலகெங்கும் வழங்கியவை. இவை கடையில் வாங்கக்கூடிய நூல்களாதலின் சிக்கனம் தந்தனவேயன்றி மறைவைத் தரவில்லை. மறைவு வேண்டிய வணிகர் அவற்றின்மேல் தமக்குள் வேறோர் உடன்படிக்கை செய்துகொள்ளவேண்டியிருந்தது. மலையிற் பறித்த கொழுந்தின் விலையைத் தீர்மானித்த செய்திகள், பறித்தவளுக்கு எட்டாத இத்தகைய கம்பிகள் வழியாகவே சென்றன.

தொழிலாளியும் ஒரு குறியைச் சுமந்தான். ஆனால் அது அவனால் வாசிக்க இயலாத குறி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த 'டின் டிக்கட்' முறையின்படி, தமிழகத்திலிருந்து வருபவரிடம் எண் பொறித்த உலோக வில்லை கொடுக்கப்பட்டது. அவர் எத்தோட்டத்துக்குரியவர், செலவை யாரிடம் அறவிடுவது என்பவற்றை வழியிலுள்ள அலுவலர் அவ்வில்லையைக் கொண்டே அறிந்தனர். வில்லை கழுத்தில், அதன் பொருள் பதிவேட்டில், பதிவேடு மேசையில். குறியைச் சுமப்பவன் ஒருவன், அதைப் படிப்பவன் வேறொருவன் என்ற இப்பிரிவினையே தோட்டத்தில் தொடர்பாடலின் வர்க்க அமைப்பு எனலாம்.

4

இவ்வமைப்பின் நடுநாயகமாக விளங்கியவர் பெரிய கங்காணி. அவர்கீழ்ச் சில்லறைக் கங்காணிகள்; ஒவ்வொரு சில்லறைக் கங்காணியின்கீழும் உறவாலும் ஊராலும் சாதியாலும் பிணைந்த ஆட்கள். துரையின் சொல் இக்கிளைகள் வழியாக லயத்துக்கு இறங்கியது. லயத்தின் முறைப்பாடும் இவ்வழியாகவே பங்களாவுக்கு ஏறவேண்டியிருந்தது. பிரட்டுக்களத்தில் நின்ற தொழிலாளிக்கும் துரைக்குமிடையே மொழி ஒரு மதில். அம்மதிலிலிருந்த ஒரே வாயிலுக்குக் காவல் கங்காணி.

1990களின் இறுதியில் கணினியறிவியலாளர் குழுச்சாவிக்கு வகுத்த தீர்வு ஒன்று இவ்வமைப்பை வியக்கத்தக்க அளவு ஒத்துள்ளது. 1024 பேர் கொண்ட குழுவில் ஒருவர் நீங்கினால், எஞ்சிய 1023 பேருக்கும் தனித்தனியே புதிய சாவியை அனுப்புவது பெருஞ் செலவு. அதற்கு மாறாக, உறுப்பினரை இலைகளாகக் கொண்ட ஒரு மரத்தை அமைத்து, ஒவ்வொரு கவட்டுக்கும் ஒரு சாவி வைத்தால், நீங்கிய இலையிலிருந்து வேர் வரையுள்ள சாவிகளை மாத்திரம் மாற்றினாற் போதும். இரண்டிரண்டாகக் கிளைக்கும் மரத்தில் 1024 பேருக்குப் பத்துப் படிகளே உள. ஆயிரத்துக்கு மேற்பட்ட செய்திகள் ஏறத்தாழ இருபதாகக் குறைகின்றன. அம்முறையில் மரத்தின் சாவிகள் அனைத்தும் நடுவிலுள்ள ஓர் அதிகாரியிடம் இருந்தன.

கங்காணி மரத்தின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அங்கு கங்காணி நீங்கினால் கிளை முழுவதும் அவருடன் சென்றது. அதற்குக் கருவி 'துண்டு'. கங்காணியும் அவரது ஆட்களும் பட்ட கடன் இவ்வளவு, அதைத் தருபவருக்கு அவர்களை விடுவிக்க இத்தோட்டம் உடன்படுகிறது என எழுதப்பட்ட சிறு தாள் அது. அத்தாளைக் கொண்டு கங்காணி வேறு தோட்டத்துடன் பேரம்பேசினார். வாங்கிய தோட்டம் முன்னைய கடனைச் செலுத்தி, கூடுதலான கடனை மீண்டும் அதே ஆட்களின் தலைமேல் ஏற்றிற்று. கையில் வைத்திருப்பவருக்கே உரிமை என்ற வகையைச் சேர்ந்த சாவி துண்டு. அதனாற் பூட்டப்பட்டவை மனித உயிர்கள். 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஆயின் செய்தி செல்லும் வழி உடனே மாறிவிடவில்லை. தொழிலாளர் தமக்குள் நேராகப் பேசிக்கொள்ளும் வழியைத் தாமே உண்டாக்கவேண்டியிருந்தது.

5

இதுவே தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கப் பிரச்சினை. தோட்டம் தனியார் நிலம். அனுமதியின்றி நுழைபவர்மீது அத்துமீறல் வழக்குத் தொடரலாம். கோ. நடேசய்யர் துணி வியாபாரிபோல் தோட்டங்களுக்குள் சென்று நிலைமைகளைக் கண்டறிந்தார் என்பது மலையக வரலாற்றாசிரியர் பலர் எடுத்துரைக்கும் செய்தி. வியாபாரிக்குத் திறக்கும் வாயில் சங்கவாதிக்கு அடைபட்டிருந்தது என்பதே இதன் உட்பொருள். 1931இல் அவர் ஹற்றனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கான சம்மேளனத்தை நிறுவினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களிற் பாடினார். அவரது பாடல் நூல் 1940இல் வெளிவந்தது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களிடையே பாட்டு, எழுதிவைக்காமலே நினைவில் நிற்பது. லயத்துக்கு லயம் செல்வது. சோதனையிற் பறிக்க முடியாதது. கெர்க்கொவ்ஸ் சாவிக்கு விதித்த நிபந்தனையை அது தன்போக்கில் நிறைவுசெய்தது. ஆயினும் பாட்டு மறைபொருளன்று. எல்லோர் காதிலும் விழுவது. மறைவு தேவைப்பட்ட இடம் வேறு: யார் சேர்ந்துள்ளனர், எப்போது வேலையை நிறுத்துவது என்பனவே தோட்டத்தில் மெய்யான மறைபொருள்கள்.

ஆளும் தரப்பும் தன் மறைபொருள்பற்றி அஞ்சியே இருந்தது. 1937இல் நிகழ்ந்த பிறேஸ்கேடில் விவகாரம் இதற்குச் சான்று. மடுல்கலைப் பகுதித் தோட்டமொன்றிற் பயிற்சித் துரையாக வந்த அவ்விளைஞர், வேலையிழந்தபின் சமசமாஜிகளுடன் சேர்ந்து ஏப்பிரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்திற் பேசினார். துரைமாரின் உள்விடயங்களைத் தாம் அறிந்தவர் என அவர் கூறியதே பெருங் கலக்கத்தை உண்டாக்கிற்று. குழுவை விட்டு நீங்கியவர் பழைய சாவியுடன் வெளியே நிற்கிறார்! நாடுகடத்தும் ஆணை பிறந்தது. அவர் தலைமறைவாகி மே 5ஆந் திகதி காலிமுகத்திடற் கூட்டத்தில் தோன்றினார். பின்னர் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

1940 ஜனவரி 10ஆந் திகதி ஹேவாஹெற்றையைச் சேர்ந்த முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். அவ்வாண்டு யூன் மாதத்திலிருந்து சமசமாஜத் தலைவர்கள் சிறைப்படுத்தப்பட, கட்சி தலைமறைவு வாழ்வை மேற்கொண்டது. என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகிய நால்வரும் 1942 ஏப்பிரலில் கண்டிச் சிறையிலிருந்து தப்பியபோது சிறைக்காவலர் ஒருவரும் அவர்களோடு வெளியேறினார். இரும்புச் சாவியும் இறுதியில் ஒரு மனிதனின் கையிலேயே உள்ளது என்பதை இந்நிகழ்ச்சி நினைவூட்டும்.

தலைமறைவு இயக்கங்கள் அனைத்தும் சந்தித்த சிக்கல் இது. 1900இல் தொடங்கிய 'இஸ்க்றா' பத்திரிகையின் கடிதப் போக்குவரத்தை நடத்திய குறூப்ஸ்கயா, முகவரிகளையும் மறையெழுத்துகளையும் தாமே பேணினார். நடுவிலுள்ள ஒருவர் சாவிகளை எல்லாம் வைத்திருப்பது விரைவானது, ஒழுங்கானது; அவர் அகப்பட்டால் அனைவரும் அகப்படுவர் என்பதும் உண்மை. தோட்டத்தில் இந்நிலை தோட்டத் தலைவருக்கு உரியதாயிற்று. சங்கத்தின் செய்தி அவர் வழியாக வந்தது. லயத்தின் செய்தி அவர் வழியாகச் சென்றது. கங்காணி மரத்தை எதிர்த்தெழுந்த சங்கம் காலப்போக்கில் அம்மரத்தின் உருவத்தையே தானும் எடுத்தது. கொழுந்து பறிக்கும் பெண்களே உழைப்பாளரிற் பெரும்பாலோராக இருக்க, தலைவர் பதவி பெரிதும் ஆண்களிடமே தங்கிற்று.

6

சாவி யாரிடம் என்பதற்கு முன்னதாக எழும் வினா, உறுப்பினர் யார் என்பது. குழுச்சாவி பற்றிய எந்த முறையும், உரிய உறுப்பினர் பட்டியலை முதலில் வேண்டி நிற்கும். பட்டியலை எழுதுபவர் கையிற் சாவி இல்லாவிடினும் குழு அவர் கையில் உள்ளது.

மலையக மக்கள் இதனைக் கசப்பான அனுபவமாக அறிந்தவர்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் 7 உறுப்பினர் பாராளுமன்றஞ் சென்றனர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் அம்மக்களைப் பட்டியலிலிருந்து அகற்றின. அவர்கள் எங்கும் செல்லவில்லை. அதே லயத்தில், அதே மலையில் இருந்தனர். பூட்டு மட்டும் மாற்றப்பட்டது. 1964 ஒக்ரோபரிற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறிதொரு பேச்சுவார்த்தைக்கு விட்டது. 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் வரை இப்பட்டியல் முற்றுப்பெறவில்லை.

சங்கத்தின் பட்டியலும் இத்தகைய சிக்கலுக்கு விலக்கன்று. சந்தாவைத் தோட்ட நிருவாகமே சம்பளத்திற் கழித்துச் சங்கத்துக்கு அனுப்பும் முறை வசதியானது. ஆனால் எத்தொழிலாளி எச்சங்கத்தைச் சேர்ந்தவர் என்பது அதனால் நிருவாகத்தின் கணக்கேட்டிற் பதிவாகிறது. ஒருவர் பேசியது மறைந்திருக்க, அவர் யாருடன் நிற்கிறார் என்பது வெளியாகிவிடின், பேச்சின் மறைவினாற் பெரும்பயன் இல்லை.

7

2018 ஒக்ரோபர் 24ஆந் திகதி, நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக உயர்த்தப்படல் வேண்டும் எனக் கோரி, கறுப்பு உடையணிந்த மலையக இளைஞர் ஆயிரக்கணக்கில் காலிமுகத்திடலிற் கூடினர். பெரிய சங்கங்களின் கிளைவழியாக அன்றி, கைத்தொலைபேசி வழியாகவும் சமூக ஊடகங்கள் வழியாகவும் அவர்கள் ஒன்றுதிரண்டனர் என்பது அதன் சிறப்பு. எட்டு தசாப்தங்களுக்கு முன்னர் பிறேஸ்கேடில் தோன்றிய அதே திடல். ஆனால் செய்தி சென்ற வழி வேறு. கங்காணியோ தலைவரோ இன்றி லயத்துப் பிள்ளைகள் நேருக்கு நேர் பேசிக்கொண்டனர். ஆயிரம் ரூபா 2021இற் சம்பள நிருணயச் சபை வழியாகச் சட்டவலுப் பெற்றது.

அவ்வழியின் வலுவையும் வரம்பையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். வட்ஸ்அப் 2016 தொடக்கம் செய்திகளை இருமுனைக்கும் இடையே பூட்டி அனுப்புகிறது. குழுவில் ஒவ்வொருவரின் கருவியும் தனக்கென ஓர் அனுப்புசாவியை உண்டாக்கி, ஏனையோர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சேர்ப்பிக்கிறது. ஒருவர் நீங்கியதும் எஞ்சியோரின் கருவிகள் பழையனவற்றைக் கழித்துப் புதியன உண்டாக்குகின்றன. பொற்கொல்லன் நீங்கிய கணமே 'பறி' என்ற சொல் தானாக மாறிவிடுகிறது என்க. 2023இல் இணைய நியம அமைப்பு வெளியிட்ட குழுச்செய்தி நியமமோ முன்கூறிய சாவிமரத்தையே மீண்டும் எடுத்துக்கொண்டது. ஆனால் மரத்தின் சாவிகளை நடுவதிகாரி ஒருவரிடம் விடாது உறுப்பினரிடமே பகிர்ந்தளித்தது. படிநிலை என்பது ஆதிக்கத்தின் வடிவமாகவே இருக்கவேண்டுமென்ற நியதியில்லை. அதன் கவட்டில் அமர்வது யார் என்பதே கேள்வி என்பதற்கு இது நல்ல உதாரணம்.

வரம்புகளும் உள. 2018இற் போகும் நகர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர், வட்ஸ்அப் வழங்கியைக் கட்டுப்படுத்துபவர் குழுவொன்றுக்குட் புதியவரைச் சேர்த்துவிட இயலும் எனக் காட்டினர். சாவி உறுப்பினரிடம், பட்டியல் நிறுவனத்திடம். 1948இன் பாடமும் இதுவே. அடுத்து, பூட்டை உடைக்க இயலாதவிடத்துப் பாதையை அடைக்கலாம். திகன வன்செயலை அடுத்து 2018 மார்ச்சிலும், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலை அடுத்து 2019 ஏப்பிரலிலும், 2022 ஏப்பிரலிலும் அரசு சமூக ஊடகங்களைத் தடைசெய்தது. மூன்றாவதாக, சாவி மனிதனை அறியாது, கருவியையே அறியும். குடும்பத்துக்கு ஒரு தொலைபேசி என்றிருக்கும் லயத்தில் அது பகலில் யார் கையிலுள்ளது என்பது, மலையிற் கொழுந்தெடுக்கும் பெண் குழுவின் உறுப்பினளா அல்லளா என்பதைத் தீர்மானிக்கிறது. இறுதியாக, கருங்காலியை எந்தச் சாவியும் முன்னறியாது. அவன் யாரென அறிந்தபின் நீக்கலாம். நீக்கியபின் அவன் படிக்க இயலாது. அறியுமுன் அவன் படித்ததும் படமெடுத்ததும் அவனுடையவையே. ஐயத்துக்குரியவர் யார் என்பதைத் தோழமைதான் கண்டறியவேண்டும்.

8

மேற்கூறியவற்றால் நாம் பெறுவது ஒன்று. டின் டிக்கட் தொடக்கம் சந்தாப் பட்டியல் வரை, தோட்டத்தின் குறிகளையும் பட்டியல்களையும் தொழிலாளர் சுமந்தனர், பேணியோர் பிறர். இன்றைய கருவி, சாவியை முதன்முறையாகத் தொழிலாளியின் கையிலேயே உண்டாக்கித் தருகிறது. இது சிறிய செய்தியன்று. ஆயினும் குழு நிருவாகி என்னும் பெயரிற் புதிய கங்காணி ஒருவர் அக்கவட்டில் அமர்ந்தால் பழைய மரமே மீண்டும் தழைக்கும். நிருவாகிகள் ஒருவரன்றிப் பலராயிருத்தல், அவருட் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருத்தல், யாரைச் சேர்ப்பது யாரை நீக்குவது என்பதைக் குழுவினர் கூடித் தீர்மானித்தல், நீங்கியோரின் பெயரை அன்றே அகற்றுதல் ஆகியன மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் ஒழுங்குவிதிகள். ஆனால் சாவியை யார் மாற்றுவது என்ற பழைய வினாவுக்குத் தொழிலாளர் தாமே அளிக்கும் விடை அவற்றிலேதான் உள்ளது. நன்னூலார் குழூஉக்குறிக்கு இலக்கணம் வகுத்தார். குழுவுக்கு இலக்கணம் வகுப்பது குழுவினரின் கடன்.